பதின்மூன்று கால் மதர்போர்டு

மாமனார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு 'எனக்கு இது தெரியாது' என்று சொன்ன புது மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும்.

எங்கள் தலை தீபாவளி ஊரப்பாக்கத்தில், என் மனைவி செல்வியின் வீட்டில். அவள் தங்கை சுதா கம்ப்யூட்டர் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, கூடத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு வேலைக்கான ஆன்லைன் தேர்வு. செல்போனில் எழுத முடியாது. ஏற்கெனவே இரண்டு கம்பெனிகளில் கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பியவள்.

"மாப்ள கல்பாக்கத்தாண்ட பம்ப் பட்டறையில கீறாரு. ஸ்பேனர் புடிச்ச கை. அவரே மாட்டிக் குடுத்துடுவாரு" என்றார் மாமனார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் ஒன்றைச் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

எட்டு வருஷம் மோட்டார் கழற்றியவனுக்கு இந்த அட்டை எம்மாத்திரம் என்று சட்டைக் கையை மடித்தேன். (மதர்போர்டை அன்றுதான் முதல்முறை நேரில் பார்த்தேன். செல்வியிடம்கூடச் சொல்லவில்லை.)

மதர்போர்டு கேபினட் பெட்டியின் தகரத்தில் படக்கூடாது; பட்டால் ஷார்ட். அதனால் தகரத்தில் குட்டிக் குட்டிப் பித்தளைக் கால்களைத் திருகி, அவற்றின் மேல் போர்டை வைத்து ஸ்க்ரூ போட வேண்டும். போர்டில் ஒன்பது ஓட்டைகள். கேபினட்டிலோ எல்லா அளவு போர்டுக்கும் சேர்த்துக் கூடுதல் ஓட்டைகள். இதெல்லாம் இன்றைக்குத் தெரிகிறது. அன்று ஓட்டை கண்ட இடத்தில் எல்லாம் கால் நட்டேன். மொத்தம் பதின்மூன்று.

"மாமா, அதுல ஒம்போதுதான்..." என்று சுதா ஆரம்பித்தாள்.

"ஏய், மாப்ள வேல செஞ்சிகினு கீறாரு, நீ இன்னா குறுக்க குறுக்க? அவருக்குத் தெரியாதா?" என்று மாமனார் அதட்டினார்.

தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டி வைத்தேன்.

ஸ்க்ரூ இரண்டு பொட்டலம் இருந்தது. ஒன்றில் திருகு வரி, அதாவது மரை, நெருக்கமாகப் போட்ட மெல்லிசு, இன்னொன்றில் அகல மரை போட்ட தடிசு. பம்ப் பட்டறைக்காரன் எதை எடுப்பான்? தடிசைத்தான். விரலால் திருகினால் ஒரு சுற்றுக்கு மேல் போகவில்லை. விரலால் ஏறாத ஸ்க்ரூ தப்பான ஸ்க்ரூ என்று பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நானே மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். (அது பட்டறை. இது மாமனார் வீடு.) உள்ளங்கையால் அழுத்தி, பல்லைக் கடித்து, ஒன்பதையும் ஏற்றினேன். நான் திணறுவதைப் பார்த்துப் பயந்துபோய் மாமியார் மோர் கொண்டுவந்தார்.

பட்டனை அழுத்தினேன். விசிறி ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அழுத்தினேன். அந்தச் சிலிர்ப்பும் நின்றுபோனது.

"லோ வோல்டேஜா கீது மாப்ள, இன்னா பேஜாரு" என்று மாமனார் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் மேல் பழியைப் போட்டார். சுதாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாமனார் ஆட்டோவோடு ஸ்டேஷன் பக்கம் கிளம்பியதும், சுதா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"மாமா, இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. நான் கழட்டிப் பாக்கட்டுமா?"

தன் கம்ப்யூட்டரைத் தொட என்னிடம் அனுமதி கேட்கிறாள். வெட்கமாகப் போய்விட்டது. "கழட்டும்மா" என்றேன்.

ஸ்க்ரூவைத் திருகினால் பித்தளைக் காலும் கூடவே சுற்றியது. கடைசியில் போர்டு ஒன்பது கால்களோடு கழன்று வந்தது. அடியில் பார்த்தால், மிச்சம் நான்கு கால்கள் தகரத்திலேயே நின்றன. போர்டில் ஓட்டையே இல்லாத இடத்தில் அதன் முதுகை முட்டிக்கொண்டு ஷார்ட் ஆக்கியவை அவைதான்.

"இத எதுக்கு மாமா இங்க போட்டீங்க?"

"ஓட்டை இருந்துச்சு, போட்டேன்."

சுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சமையலறையிலிருந்து செல்வியும் மாமியாரும் எட்டிப் பார்த்தார்கள்.

நான் திருகிய ஒன்பது கால்களும் மரை கெட்டுப் போயிருந்தன. உருப்படியாக இருந்தவை அந்த நான்கும் பொட்டலத்தில் கிடந்த இரண்டும்தான். "ஆறு காலு போதும்" என்று சுதா இடம் பார்த்து நட்டாள். மெல்லிசு ஸ்க்ரூ விரலாலேயே வெண்ணெய் மாதிரி இறங்கியது. ஒன்பதே முக்காலுக்குத் திரையில் வெளிச்சம் வந்தது; விண்டோஸைக் கடையிலேயே ஏற்றி வாங்கியிருந்ததால் பத்து மணிக்குத் தேர்வுக்கு உட்கார்ந்துவிட்டாள். நான் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் மாமனார் வந்து கேட்டதற்கு, "மாமாதான்ப்பா சரி பண்ணாரு" என்றாள் சுதா. அப்பாடா என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அரை மணி நேரம்தான். எதிர்வீட்டுக்காரர் ஒரு கேபினட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். "உங்க மாமனாரு சொன்னாரு. இதையும் கொஞ்சம் பாத்துடுங்க மாப்ள" என்று ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் என் கையில் திணித்தார்.

அய்யய்யோ! நடந்த உண்மை எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட்டேன். மாமனார் என்னையும் சுதாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை என் கையிலிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தார்.

சுதாவுக்கு வேலை கிடைத்தது. எனக்குக் கிடைத்தது வேறு. இன்றும் அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், என் இலையில் துளி இடம் தெரிந்தாலும் மாமியார் இன்னொரு வடையை வைத்துவிடுவார். எதற்கு அத்தை இவ்வளவு என்று நான் கேட்டால், பக்கத்து இலையிலிருந்து மாமனார் நிமிராமலே சொல்வார்:

"எடம் இருந்துச்சி, போட்டா. உங்களுக்குத் தெரியாததா மாப்ள?"