மிலிசாவ் சொன்னால்தான் ராஸ்பெரி நகரும்

"மெஷின் வந்து மிலிசாவை விரட்டிடுச்சாமே" என்று ரொட்டிக்கடை வாசலில் கூடிப் பேசுகிறவர்களே, கொஞ்சம் வாயை மூடுங்கள். அவனை யாரும் விரட்டவில்லை. தானாகவே கதவைத் திறந்துகொண்டு போனான். போனதில் உங்களுக்கும் பங்கு உண்டு. எனக்கும் உண்டு, மறைப்பானேன்?

முதலில் மிலிசாவ் எந்த இனம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 'என்னைக் கேட்காமல் எதுவும் நகரக் கூடாது' என்கிற இனம். இந்த இனம் விடிந்த பிறகு எழுந்து வந்து "சரி, விடியட்டும்" என்னும். கிளம்பிவிட்ட பேருந்தின் முதுகைத் தட்டி "போ, போ" என்னும். கல்யாண வீட்டில் முழு ஆட்டைக் கம்பியில் கோத்து நெருப்பில் சுற்றிக்கொண்டிருப்பவன் பக்கத்தில் போய் நின்று "சுத்து, சுத்து" என்னும். அதுவரை அவன் என்ன, தூங்கிக்கொண்டா இருந்தான்?

எங்கள் ஊர்க் குளிர்கிடங்கில் மிலிசாவ் மேற்பார்வை. மலைச்சரிவில் பறித்த ராஸ்பெரி வெயில் ஏறுவதற்குள் உறைய வைக்கும் அறைக்குள் போயாக வேண்டும்; தவறினால் பெட்டியிலேயே சாறு விட்டு அழுதுவிடும். போன வருஷம் பெட்டி சுமக்க ரோபோ வண்டிகள் வந்தன. எந்தப் பெட்டி எந்த அறைக்கு, எந்த வண்டியில் என்று முடிவு செய்யக் கணினிக்குள் மூன்று ஏஜென்ட்டுகள், அதாவது தாமாகவே யோசிக்கும் புரோகிராம்கள். ஒன்று வாசலைப் பார்க்கும், ஒன்று அறைகளை, ஒன்று வண்டிகளை. மூன்றும் கண்ணிமைப்பதற்குள் பேசி முடித்துவிடும். நம்மைப் போலக் காப்பி போட்டு, அடுத்த வீட்டு வம்பைப் பேசி, கடைசியில் வந்த விஷயத்தை மறந்துவிட்டுப் போகாது.

அதுதான் மிலிசாவுக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடி அறையில் உட்கார்ந்து, தானாகப் போகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினான். கை வலித்ததுதான் மிச்சம். முதலாளியிடம் போய் நின்றான்.

"இதுங்க என் பேச்சையும் கேக்கணும். இல்லேன்னா நான் எதுக்கு?"

கொடுத்தார்கள் ஒரு மைக். அதில் அவன் சொல்வதுதான் இனி சட்டம். அவன் போட்ட முதல் சட்டம் என்ன தெரியுமா?

"எங்க கூமைத் தாண்டி யாரும் முன்னால போகக் கூடாது."

கூம் என்றால் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர், பிள்ளையின் ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்தியவர். ரத்த உறவுக்கு ஒரு படி மேலே. கூமை வெயிலில் காயவிட்டு எவன் ஊரில் தலைகாட்டுவான்? "யார் யார் கூம்?" என்று கணினி கேட்டது. சொன்னான். விட்டுப்போனவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "சரி, கூமோட கூமும் நம்ம கூம்தான்" என்று வாரி வழங்கினான். இந்தப் பள்ளத்தாக்கில் யார்தான் யாருக்குக் கூம் இல்லை? என் பேரையும் சேர்க்கச் சொல்லி நானே அவன் வீட்டுக்கு வால்நட் கேக் கொண்டுபோனேன்.

ஜூலை வந்தது. வாசலில் நின்ற டிராக்டர் எல்லாம் கூம் டிராக்டர். கூமைத் தாண்டக் கூடாதே! அறை வாசலில் கூம் பெட்டிகளைச் சுமந்த ரோபோ வண்டிகள் முகத்தோடு முகம் பார்த்து, ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டே நின்றன. விருந்துக்குப் போனால் நாம் வாசற்படியில் "நீங்க முதல்ல", "ஐயோ, நீங்க முதல்ல" என்று சூப் ஆறும்வரை நிற்போமே, அதே கூத்து.

கணவனை இழந்த ராதோய்காவுக்கு அந்த ராஸ்பெரிதான் வருஷத்துச் சோறு. அவள் டிராக்டரிலிருந்து சிவப்பாய்ச் சொட்டியது.

"மிலிசாவ்! என் பழம் ஒழுகுதே, கண்ணு தெரியலையா?"

"உன்னைத்தான் முதல்ல விடச் சொன்னேன், கூமா!"

"எனக்கு முன்னால நிக்கிற கிழவன்கிட்டயும் அப்படித்தான் சொன்னியாம்!"

"எல்லாரையும்தான் முதல்ல விடச் சொல்லியிருக்கேன். இதுக்கு மேல ஒருத்தன் என்னதான் செய்வான்?"

"ஒண்ணும் செய்யாம இருப்பான், ராசா! அதை மட்டுந்தான் நீ இன்னும் செஞ்சு பாக்கலை."

மைக்கைப் பார்த்தான். தன் சட்டத்தைத் தானே எடுத்துவிட்டால், பிறகு அவனை யார் கேட்பார்கள்? சொட்டுகிற சிவப்பைப் பார்த்தான். மைக்கை வாயருகே இழுத்தான்.

"நான் சொன்னதை விடுங்க. உங்களுக்குள்ளேயே பேசிக்குங்க."

அவ்வளவுதான். ஆற்றில் தண்ணீர் போல வண்டிகள் ஓடின. ராதோய்காவின் மேல்வரிசைப் பெட்டிகள் ஜாமுக்குப் போயின, மற்றதெல்லாம் பிழைத்தது.

மிலிசாவ் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். எதிரே ஒரு வண்டி நின்று வழிவிட்டது. பழக்கம் விடுமா? "போ, போ" என்று கையைத் தூக்கினான். மனுஷன் முதலில் என்பது அதன் சட்டம்; அது அசையவில்லை. பின்னால் வண்டிகள் சேர ஆரம்பித்தன. கையை இறக்கினான். கதவைத் திறந்து வெளியே போனான். வண்டியும் நகர்ந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இவ்வளவு நேரம் என் ஒவ்வொரு பேச்சுக்கும் "ம்… சரி, மேலே சொல்லு" என்று தலையாட்டிக்கொண்டே வந்தீர்களே, நீங்கள் ஆட்டாவிட்டால் நான் நிறுத்தியிருப்பேன் என்றா நினைத்தீர்கள்?