தப்பு போர்டில் நிற்கும் உன் மாமா

கும்மிடிப்பூண்டி,
9.3.2025, ஞாயிறு.

பிரியமுள்ள மச்சான் ஸ்டீவனுக்கு உன் அக்காள் புருஷன் பாக்கியநாதன் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் இங்கே உன் அக்கா ரோசம்மாள் சுகம், மகள் ஜெனிபர் சுகம், போன கிறிஸ்துமஸுக்கு நீ வாங்கிக் கொடுத்த மிக்ஸிகூட சுகம். அதேபோல் திருநின்றவூரில் நீயும் உன் ஸ்டுடியோவும் உன் கம்ப்யூட்டரும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் மனசு ஒப்பவில்லை. போனில் பேசலாம் என்றால் நான் வாயைத் திறந்ததும் "டவர் இல்ல மாமா, அப்பறமா பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு டவர் வேண்டாம். புதன்கிழமை ஜெனிபர் அந்தப் பக்கம் வருகிறாள், அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

விஷயம் உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். எங்கள் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் வந்தது. மேனேஜர் துளசிராமன் சார் என்னைக் கூப்பிட்டு, "பாக்கியநாதன், இப்ப நம்மகிட்ட பாதி பேரு ஒடிசா, மீதி பேரு பீகாரு. நீ தமிழ்ல எழுதி ஒட்டனா எவன் படிப்பான்? ஏரோப்ளேன்ல சீட்டுக்குப் பின்னாடி வச்சிருப்பான் பாரு, வெறும் கோட்டுப் படம், அந்த மாதிரி பன்னண்டு போர்டு வேணும். ஆறு சரி, ஆறு தப்பு" என்றார். நான் ஏரோப்ளேனில் ஏறியதில்லை. இருந்தாலும் முப்பத்தொரு வருஷமாக அந்த ஷெட்டில் சேஃப்டி பார்க்கிறவன், ஏப்ரல் முப்பதோடு வீட்டுக்குப் போகப்போகிறவன், போவதற்குள் அந்தச் சுவரில் நல்லதாக ஒன்றை விட்டுவிட்டுப் போவோமே என்று ஒரு ஆசை. "வரையற ஆளெல்லாம் எதுக்கு சார், என் மச்சான் இருக்கான், ஃபோட்டோவைக் குடுத்தா கம்ப்யூட்டர்லயே கோடு கோடா மாத்திக் குடுத்துடுவான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

ஃபோட்டோவுக்கு ஆள் வேண்டுமே. சரியான ஆறுக்கு நிற்க எல்லோரும் தலையை வாரிக்கொண்டு வந்தார்கள், தப்பான ஆறுக்கு ஒருவனும் வரவில்லை. ஃபிட்டர் வசந்தகுமாரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "அண்ணே, நான் தப்பா நிக்கறத என் ஊட்டுக்காரி பாத்துச்சுனு வையி, அப்பறம் ஊட்ல நான் இன்னா பேசனாலும் அந்த போர்டத்தான் காட்டும்" என்று நழுவிவிட்டான். கடைசியில் பன்னிரண்டுக்கும் நானே நின்றேன். சரியான ஆறில் வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை ஹெல்மெட், கண்ணாடி, பெல்ட், கயிறு எல்லாம் போட்டுக்கொண்டு நின்றேன். தப்பான ஆறில் மூச்சை விட்டு, வயிற்றை விட்டு, செருப்போடு நின்றேன், முதுகை வளைத்துப் பெட்டி தூக்கினேன், கிரேனுக்கு அடியில் நின்று போனில் யாருடனோ சிரித்துச் சிரித்துப் பேசுகிற மாதிரி நடித்தேன். கொக்கியில் எடை எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நான் தப்பு செய்தாலும் பாதுகாப்பாகத்தான் செய்வேன்.

பன்னிரண்டையும் உனக்கு அனுப்பினேன். "ஒரே அமுக்கு மாமா, கோடு மட்டும் நிக்கும், மத்ததெல்லாம் போயிடும்" என்றாய். போய்விட்டது மச்சான், எல்லாம் போய்விட்டது. நான் ஹெல்மெட்டோடு நின்றது வெள்ளைச் சுவருக்கு முன்னால். உன் சாஃப்ட்வேருக்கு வெள்ளையில் வெள்ளை தெரியவில்லை, ஹெல்மெட்டைத் துடைத்து எடுத்துவிட்டு என் வழுக்கையை மட்டும் சுற்றி அழகாக ஒரு கோடு போட்டது. கண்ணாடி போய்விட்டது. உயரத்தில் வேலை செய்யும் படத்தில் பெல்ட்டும் கயிறும் போய், நான் பரலோகத்துக்குப் பாதி வழி போனவன் மாதிரி அந்தரத்தில் நிற்கிறேன். மூச்சைப் பிடித்ததில் நெற்றியில் விழுந்த சுருக்கத்தை மட்டும் ஒன்றுவிடாமல் எடுத்திருக்கிறது. சரியாக வேலை செய்கிறவன் ஒவ்வொருவனும் பல் வலிக்காரன் மாதிரி இருக்கிறான். தப்பு ஹெல்மெட் படத்திலோ, வெறும் தலையோடு நின்ற எனக்குப் பின்னால் அலமாரியில் ஒரு கறுப்பு பக்கெட் கவிழ்ந்திருந்ததாம். அதன் கோடும் என் தலைக் கோடும் ஒட்டிக்கொண்டு, பார்க்கிறவனுக்கு அது அருமையான ஹெல்மெட். போட்டுக்கொண்டு சந்தோஷமாகச் சிரிக்கிறேன். அதன் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி.

நானும் துளசிராமன் சாரும் சரிபார்க்கவில்லையா என்று கேட்பாய். போனில் பெருவிரல் அளவில் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது. போர்டு மூன்றடிக்கு இரண்டடியாக வந்து இறங்கி, சாயங்காலமே மாட்டியும் விட்டார்கள். மறுநாள் காலை ஷிஃப்டுக்கு வந்த ஒடிசாக்காரர்கள் நாலு பேர் போர்டுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பிறகு நாலு பேரும் ஒழுங்காக ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். முப்பத்தொரு வருஷத்தில் என் பேச்சை இவ்வளவு சீக்கிரம் யாரும் கேட்டதில்லை.

துளசிராமன் சார் ஓடி வந்தார். "இன்னாய்யா இது, உன் மச்சான் சேஃப்டிக்கு போர்டு போட்டானா, சங்கு ஊதறதுக்கு போட்டானா?" என்று கத்திவிட்டு, அவரே மார்க்கர் எடுத்து சரியான ஆறு தலைக்கும் ஹெல்மெட் வரைந்தார், தப்பான தலையில் இருந்ததை வெள்ளை பெயின்ட் வைத்து அழித்தார். அவர் வரைந்தது மூக்கு வரைக்கும் கவிழ்த்த சோற்றுப் பானை மாதிரி இருந்தாலும் வேலை நடந்தது. ஆக, சரியான ஆறு போர்டில் இருப்பது யார் என்று இப்போது பெற்ற தாய்க்கும் தெரியாது. தப்பான ஆறில் மட்டும் மீசை, காது, தொந்தி எல்லாம் அச்சு அசலாக நான். ஜெனிபர் அவள் லேப்டாப்பில் அதே மாதிரி ஒரு சாஃப்ட்வேரைத் திறந்து காட்டினாள். அதில் ஒரு குமிழ் இருக்கிறது, இடது பக்கம் இழுத்தால் கோடு குறையும், வலது பக்கம் இழுத்தால் கூடும், ஒவ்வொரு படத்துக்கும் பார்த்துப் பார்த்து இழுக்க வேண்டுமாம். "மாமா பன்னண்டுக்கும் ஒரே அளவு வச்சி தள்ளிடுச்சுப்பா" என்றாள். ஒரு படத்துக்கு இரண்டு நிமிஷம், மொத்தம் இருபத்துநாலு நிமிஷம். அக்காள் புருஷனுக்காக அதை நீ ஒதுக்கவில்லை.

இதற்கப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியாதது. அந்த ஒடிசாக்காரர்களுக்குத் தமிழில் "டீ", "சம்பளம்" இரண்டும்தான் தெரியும். தப்பு போர்டைக் காட்டி நம் ஆட்கள் சொல்லிச் சிரித்ததில் மூன்றாவதாக ஒரு வார்த்தை கற்றுக்கொண்டிருக்கிறார்கள், அது என் பெயர். எவனாவது செருப்போடு உள்ளே வந்தால், கையுறை இல்லாமல் தகட்டைத் தொட்டால், நாலு பக்கமிருந்தும் "பாக்கியநாதன்! பாக்கியநாதன்!" என்று கத்துகிறார்கள். தப்பு என்பதற்கு அதுதான் தமிழ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் ஸ்டோர் ரூமில் இருந்து ஒவ்வொரு தடவையும் "தோ வந்துட்டேன்" என்று ஓடி வந்து ஏமாறுகிறேன். கேட்டுக்கு வெளியே டீக்கடையில், "இன்னாண்ணே, தப்பு டீயா, சரி டீயா?" இன்று காலை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பக்கத்துக் கம்பெனி ஜெயராஜ் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கிரேன் அடியில நின்னுகினு போன் பேசாதீங்கண்ணே, ரோசம்மா அக்காவுக்கு வேற யாரு இருக்காங்க" என்கிறான். போர்டின் ஃபோட்டோ அவன் கம்பெனி வரைக்கும் போயிருக்கிறது. அதைக் கேட்டு உன் அக்கா சிரித்தாள். வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

சிரிக்காதே ஸ்டீவா. நான் அந்த ஷெட்டில் சேர்ந்ததிலிருந்து ஒருத்தன் விரல் நுனிகூடப் போனதில்லை. அதற்காக நான் எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன் தெரியுமா. ஏப்ரலுக்குப் பிறகு நான் அங்கே இருக்கமாட்டேன், சுவரில் தப்பாக நிற்கிற நான்தான் இருப்பேன். புதிதாக வருகிறவனுக்கு அதுதான் பாக்கியநாதன். நேற்று அந்த போர்டுக்கு முன்னால் தனியாக நின்றபோது அழுகை வந்தது, உன்னிடம் சொல்வதற்கு என்ன.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை நீயே புறப்பட்டு வா. தப்பான ஆறுக்கும் நீ நில், நான் ஃபோட்டோ எடுக்கிறேன். என்னை அந்த ஆறிலிருந்தும் எடுத்துவிட்டு உன்னை வைத்துக் கோடு போட்டுக் கொடு. மாட்டேன் என்றால் நம் உறவு இந்தக் கடிதத்தோடு சரி.

உன் தொழிலும் குடும்பமும் தழைக்கட்டும். சமாதானம் உன்னோடு இருப்பதாக, அந்த சாஃப்ட்வேரோடு இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாக இருக்கும் மாமா,
பாக்கியநாதன்.

பி.கு. (திங்கள் சாயங்காலம்): கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இன்று காலை பதினொரு மணிக்கு வழக்கம்போல் என் பெயரைக் கத்தினார்கள். இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிடுகிறேன் என்று நானும் ஸ்டோர் ரூமிலிருந்து கோபமாக வெளியே வந்தேன். பார்த்தால் கிரேனுக்கு அடியில் வசந்தகுமார் காதில் போனை வைத்துக்கொண்டு நிற்கிறான், தலைக்கு மேலே தகட்டுக் கட்டு ஒரு பக்கம் சரிகிறது. போன் பேச்சில் முதல் கத்தல் அவன் காதில் விழவில்லை போலும், டிரில்லிங் மெஷினிலிருந்த ஒடிசாக்காரர் மறுபடியும் "பாக்கியநாதன்! பாக்கியநாதன்!" என்று அலறினார். வசந்தகுமார் மேலே பார்க்கவில்லை, யார் என்று திரும்பவில்லை, ஒரே தாவலில் இந்தப் பக்கம் வந்து விழுந்தான். அவன் நின்ற இடத்தில் கட்டு விழுந்து தரை பிளந்துவிட்டது. கீழே கிடந்த போனில் அவன் மனைவி, "அலோ, அலோ, அங்க இன்னா சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. "அண்ணே, நவுருன்னு கத்தியிருந்தா யாரைச் சொல்றான்னு திரும்பிப் பாத்துகினு நின்னிருப்பேன். உன் பேரைக் கேட்டதும் காலு தானா நவுந்துச்சுண்ணே" என்றான்.

ஆகையால் மேலே எழுதியிருப்பது எதையும் பொருட்படுத்தாதே. தப்பு போர்டு ஆறையும் தொடாதே. சரியான ஆறில் வேண்டுமானால் நீ வந்து நின்றுகொள். கிரேன் போர்டை மட்டும் ஆறடியில் பெரிதாகப் போட்டுத் தரச் சொல்கிறார் துளசிராமன் சார். அந்தப் படத்தில் என் மீசை கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. அந்தக் குமிழை வலது பக்கம் நன்றாக இழுத்துவிடு. ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் நான்தான் என்று தெரிய வேண்டும்.