பாடாலூர் சின்னதுரை குணமான வரலாறு

மனித மனத்தின் ஆழத்தை அளந்தவர்கள் உலகில் பலர் உண்டு. அளந்ததோடு நிற்காமல் அதைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி தெருவில் ஓடவிட்ட பெருமை பெரம்பலூருக்கே உரியது. சந்தேகம் இருப்பவர்கள் பாடாலூருக்குப் போய்ச் சின்னதுரையைப் பார்க்கலாம். பஸ் நின்றால்.

சின்னதுரை ஹைவே ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். தெருவில் யாரைக் கேட்டாலும், "தங்கமான புள்ள, கைதான் சொன்ன பேச்சு கேக்காது" என்பார்கள். ஒருநாள் ஒரு தனியார் பஸ்காரன் பாடாலூருக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு, ஊரைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டான். சின்னதுரை டவுனில் புதிதாக வாங்கிவந்த வீல் ஸ்பேனரை அந்த பஸ்ஸின் முன் கண்ணாடியிலேயே தட்டிப் பார்த்துவிட்டான். ஸ்பேனர் நல்ல சரக்குதான்.

அந்தக் காலமாக இருந்தால் ஜெயில். இது நாகரிக காலம். 'ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு' என்று கோர்ட் சொல்லிவிட்டது. அதாவது, ஊரிலேயே இருந்துகொண்டு, ஊர்க்காரர்களோடு பழகிக்கொண்டே திருந்த வேண்டும். ஜெயிலே சுலபம் என்று சின்னதுரைக்குத் தோன்றியது, வெளியே சொல்லவில்லை.

இதற்குள் மாமனார் நடராசன் மகள் ஜானகியையும் பேத்தி இலக்கியாவையும் அரும்பாவூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். "வருசம் முடிஞ்சு, நல்லவன்னு அந்த ஆபீஸ்ல சொல்லட்டும். அனுப்புறேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சின்னதுரை நல்லவனாவதற்காக வாரம் தவறாமல் பெரம்பலூர் நன்னடத்தை ஆபீஸுக்கு பஸ் ஏறினான்.

அங்கே மனநல ஆலோசகர் பரணிதரன் இருந்தார். படித்தவர், மெதுவாகப் பேசுபவர். முதல் நாளே சின்னதுரைக்கு 'ஆளுமைச் சிக்கல்' என்று கண்டுபிடித்துவிட்டார். செய்தி பாடாலூர் வந்ததும் தெருவே பெருமைப்பட்டது. நம்ம தெருவில் யாருக்கும் இதுவரை சர்க்கரையைத் தாண்டி எதுவும் வந்ததில்லை.

"கோபம் வரும்போது என்ன செய்யணும்?" என்று கேட்டார் பரணிதரன்.

"அடிக்கக் கூடாது சார்."

"அது செய்யக் கூடாதது. செய்ய வேண்டியது என்ன?"

ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

"எழுந்திருங்க. ஒரு வார்த்தை பேசாதீங்க. திரும்பிப் பார்க்காதீங்க. அந்த இடத்தை விட்டு வெளியே போயிடுங்க. இதுக்குப் பேர் 'விலகல் பயிற்சி'. இப்ப நான் உங்களை அவமானப்படுத்துறேன், நீங்க விலகுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்கள் மிகவும் பொறுப்பற்ற மனிதர்!"

சின்னதுரை அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏன், கோபம் வரலையா?"

"இப்படித் திட்டுனா எப்படி சார் வரும்? வாழ்த்து மடல் வாசிக்கிற மாதிரி இருக்கு. எங்க மச்சான் தமிழரசன் பேரைச் சொல்லுங்க, போதும்."

பெயரைச் சொன்னார். சின்னதுரை விருட்டென்று எழுந்து, கதவைத் திறந்து, படியிறங்கி, எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். பரணிதரன் கண்கலங்கிவிட்டார். அவருடைய தொழிலில் இப்படி ஒரு மாணவன் அமைவது அபூர்வம்.

இந்த நிலையில்தான் அரும்பாவூரில் இலக்கியாவுக்குக் காதுகுத்து வந்தது.

தாய்மாமன் தமிழரசன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். பிள்ளை அழுதது, சர்க்கரை போட்டார்கள், அடங்கியது. பிறகு கறிவிருந்து. சின்னதுரையின் பங்காளிகள் வேன் பிடித்து வந்து முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழரசன் குழம்பு வாளியோடு வந்தார். சின்னதுரை இலையில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "மாப்ளைக்கு எலும்பு வைக்காதீங்கப்பா! கடிக்கிற பழக்கம் போயிடுச்சான்னு ஆபீஸ்ல கேட்டுக்கிட்டு வைங்க."

பழைய சின்னதுரையாக இருந்தால் அந்த வாளி தமிழரசன் தலையில் கிரீடமாகியிருக்கும். தமிழரசனும் திருப்பி ஒன்று போட்டிருப்பார். நாலு பேர் விலக்கிவிட்டிருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர் உறவு.

சின்னதுரை அடிக்கவில்லை. எழுந்தான். பேசவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே போய்விட்டான்.

பிள்ளையைப் பெற்ற தகப்பன், மாமனார் வீட்டு விசேஷத்தில், குழம்பு ஊற்றிய இலையை விட்டு வாய் திறக்காமல் எழுந்தால் என்ன பொருள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். 'இனிமேல் உன் வாசலில் கை நனைக்க மாட்டேன்' என்று பொருள். பரணிதரன் படித்த புத்தகத்தில் மட்டும் அதற்குப் பெயர் 'சுயக் கட்டுப்பாடு'.

சின்னதுரையின் பெரியப்பா ஆண்டவர் தன் இலையை மடித்தார்.

"எங்க புள்ளயே எந்திரிச்சிட்டான். நாங்க மட்டும் சோத்துக்கா வந்தோம்? எந்திரிங்கடா!"

பங்காளிகள் மொத்தமாக எழுந்தார்கள். கடைசியில் ஒருவன் மட்டும் ஈரலை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"எலையை விட்டு எந்திரிக்கிற அளவுக்கு என்னய்யா பண்ணிட்டோம்?" என்று நடராசன் ஆண்டவரின் சட்டையைப் பிடித்தார். அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ரசம் அண்டாவோடு போனது. போலீஸ் வந்து இரு தரப்பிலும் வழக்கு எழுதியது. சின்னதுரை பஸ் ஸ்டாப்பில் நின்று, சொல்லிக் கொடுத்தபடி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

ஆபீஸில் ஆனந்தம் தாங்கவில்லை. ஊரே அடித்துக்கொண்ட இடத்தில் கை ஓங்காத ஒரே ஆள், அவர்கள் வளர்த்த ஆள்! நன்னடத்தை அலுவலர் ஜெயசுதா மேடம் உடனே 'குடும்ப ஆதரவுக் கூட்டம்' கூட்டினார். நடராசன் நெற்றியில் பிளாஸ்திரியோடும், தமிழரசன் கையில் கட்டோடும், ஜானகி இலக்கியாவைத் தூக்கிக்கொண்டும் வந்தார்கள்.

"உங்க மருமகன் எவ்வளவு மாறியிருக்கார் பாத்தீங்களா?" என்றார் மேடம்.

"பாத்தோம்மா. அதான் கேக்க வந்தோம்" என்றார் நடராசன். "எங்க மருமவனைப் பழையபடி ஆக்கிக் குடுத்துருங்க."

"புரியலையே?"

"முன்னாடி அடிப்பான். வலிக்கும், ஆறிடும். இப்ப எந்திரிச்சுப் போறாம்மா! இதுக்கு எந்த ஆஸ்பத்திரியில மருந்து?"

"சார், அது ஒரு உலகத்தரமான பயிற்சி" என்றார் பரணிதரன் மெதுவாக.

"என்னா பயிற்சி? நல்லா இருந்த குடும்பத்துல நீதான்யா வெடிய வச்ச!"

மெதுவாகப் பேசுகிற பரணிதரன் மேசையில் ஓங்கி ஒரு அறை அறைந்தார். தண்ணீர் பாட்டில் உருண்டு ஜெயசுதா மேடத்தின் மடியில் விழுந்தது. "அறிவிருக்கா உங்களுக்கு? அஞ்சு வருசம் படிச்சிருக்கேன்யா நான்!"

"படிச்ச லட்சணம் தெரியுது" என்ற தமிழரசன், சின்னதுரை பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ என்ன வேசம் போட்டாலும் சரி. புள்ளைய அனுப்ப மாட்டோம்."

சின்னதுரைக்குக் கை தானாக மூடிக்கொண்டது. நாற்காலியைப் பார்த்தான். அது இரும்பு நாற்காலி, நல்ல கனம்.

எழுந்தான். பேசவில்லை. கதவைத் திறந்து வெளியே போனான்.

"பாத்தியா, மறுபடி போறான்!" என்று நடராசன் கத்தினார்.

"நானும்தான் போறேன்" என்றாள் ஜானகி. "அவரு கைய நீட்டுனப்ப கூட்டிட்டு வந்தீங்க, சரின்னு வந்தேன். இப்ப மண்டைய ஒடைச்சுக்கிட்டு நிக்கிறது நீங்க. நான் யாரு கூடப்பா இருக்குறது?" பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள். தமிழரசன் குறுக்கே வந்தார். பரணிதரன் அவர் சட்டையைப் பிடித்தார். மேலே நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. வாசலில் நின்ற சின்னதுரையோடு சேர்ந்து மூவரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் ஏறினார்கள். "பாடாலூர் நிக்காது, எறங்கு எறங்கு" என்றான் கண்டக்டர். சின்னதுரை ஜானகியைப் பார்த்தான். மூவரும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி, டவுன் பஸ்ஸுக்கு நின்றார்கள். அப்போது ஜெயசுதா மேடத்திடமிருந்து போன் வந்தது.

"சின்னதுரை, கூட்டம் முடியறதுக்கு முன்னாடி அனுமதியில்லாம எழுந்து போயிட்டீங்க. இது நிபந்தனை மீறல். பொறுமையா உட்கார்ந்து கேக்குற பழக்கம் உங்களுக்கு இன்னும் வரலைன்னு பரணிதரன் சாரே எழுதிக் குடுத்திருக்கார். கண்காணிப்பை இன்னும் ஒரு வருசம் நீட்டிக்கச் சொல்லிக் கோர்ட்டுக்கு எழுதுறோம்."

"மேடம், சார்தான மேடம் எந்திரிச்சுப் போகச் சொன்னாரு? அவர்கிட்டயே குடுங்க, கேக்குறேன்."

"அவர் இப்ப பேசுற நிலைமையில இல்ல. உதட்டுல தையல் போட்டுக்கிட்டு இருக்காங்க."

ஆக, சிகிச்சை மாபெரும் வெற்றி. அரும்பாவூரில் நாற்காலி வீசியவர்களும், ஆபீஸில் சட்டையைப் பிடித்தவர்களும் எந்த நிபந்தனையும் இல்லாமல் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். இத்தனை பேர் நடுவே யாரையும் அடிக்காத ஆபத்தான ஆசாமி ஒருவன் மட்டும் வாராவாரம் வந்து கையெழுத்துப் போடுகிறான். பொதுமக்கள் பயமின்றி நடமாடலாம்.