சே! நீ! போ!

“மூணாவது பூனையும் போயிடுச்சும்மா!”

பெரிய டாக்டர் இப்படிச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்ததும், கம்ப்யூட்டரம்மா பதறி எழுந்துவிட்டாள்.

“ஐயோ, செத்துப்போச்சா சார்?”

“பூனை வெளியே உட்கார்ந்து காலை நக்கிக்கிட்டு இருக்கு. அதோட பதிவுதான் செத்துப்போச்சு. ‘சேமி’ பட்டனை அமுக்குறோம்னு நினைச்சு ‘நீக்கு’ பட்டனை அமுக்கிட்டேன். ரெண்டும் ஒரே சாம்பல் நிறத்துல இருந்தா மனுஷன் என்ன பண்ணுவான்?”

அந்தக் கால்நடை மருத்துவமனைக்கான மென்பொருளை இரண்டு ஆண்டுகள் ஒண்டியாக உட்கார்ந்து எழுதியவள் அவள். எல்லோரும் அதைப் பயன்படுத்தத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

“சாம்பலா? சேமி இளம்பச்சை, நீக்கு இளஞ்சிவப்பு. நான்தானே சார் வெச்சேன்?”

“என் அறைக்கு வந்து பாரு.”

போய்ப் பார்த்தாள். உண்மைதான். அவளுடைய மடிக்கணினியில் பளிச்சென்று இருந்த இரண்டு பட்டனும் டாக்டரின் திரையில் ஒரே குட்டையில் ஊறியதுபோல இருந்தன. திரைக்குத் திரை நிறம் மாறும் என்பது அவளுக்குத் தெரியும். மென்மையான நிறங்களாகப் பார்த்துப் பார்த்துப் பூசிய தன் ரசனையை நொந்துகொண்டாள்.

“மத்தியானம் மூடிட்டு நாலு மணிக்கு மறுபடி கதவு திறக்கிறதுக்குள்ள சரி பண்ணிடும்மா. இல்லேன்னா நான் பழையபடி நோட்டுக்கே போயிடுறேன்.”

“அஞ்சு நிமிஷ வேலை சார்.”

அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான்.

திரையில் தெரியும் பட்டன், பெட்டி, பட்டியல் எல்லாவற்றுக்கும் நிறமும் அளவும் சொல்லும் கோப்பு ஒன்று இருந்தது. அதற்கு அவள் ‘ஒப்பனை’ என்று பெயர் வைத்திருந்தாள். தன் இடத்துக்கு வந்து அதைத் திறந்து, பட்டன் அடர் பச்சையாக இருக்கட்டும் என்று ஒரு வரி எழுதினாள். எந்தப் பட்டன் என்று எழுத அவசரத்தில் மறந்துவிட்டாள்.

“சேமி பச்சை ஆயிடுச்சும்மா, அருமை!” என்று டாக்டர் தன் அறையிலிருந்து குரல் கொடுத்தார். பிறகு, “நீக்கும் பச்சை ஆயிடுச்சே!” என்றார்.

“இதோ சார், ஒரு நிமிஷம்!”

நீக்கு பட்டனைச் சிவப்பாக்கப் போனவள், அது இருக்கும் பெரிய பெட்டிக்கே சிவப்பு என்று எழுதிவிட்டாள். பெட்டிக்குச் சொன்னால் அதற்குள் இருக்கும் அத்தனையும் கேட்டுக்கொள்ளும். வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாத குணம் அது. நாயின் பெயர், வயது, எடை, தேதி எல்லாம் ரத்தச் சிவப்பாக எரிந்தன.

டாக்டரின் மேசைக்கு எதிரே நாயோடு நின்றிருந்தவர் திரையை எட்டிப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“டாக்டர், நகம் வெட்டத்தானே கூட்டிட்டு வந்தேன்? அவ்வளவு மோசமாவா இருக்கு?”

அவரைத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். கம்ப்யூட்டரம்மா சிவப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத ஆரம்பித்தாள். எழுதுகிற ஜோரில், ‘தடுப்பூசி போட்டாச்சு’ என்பதற்குப் பக்கத்திலிருந்த குட்டிக் கட்டத்துக்கும் ஒரு அழகான ஓரம் வரைந்தாள். அந்தக் கட்டத்தின் தோற்றத்தில் கைவைத்தால், அதற்குள் விழும் டிக்கையும் நாமேதான் வரைந்து தர வேண்டும். அது அவள் நினைவுக்கு வரவில்லை.

டாக்டர் ஓர் ஆட்டுக்கு ஊசி போட்டுவிட்டு வந்து கட்டத்தை அமுக்கினார். டிக் விழவில்லை. மறுபடி அமுக்கினார். அப்போதும் கட்டம் காலியாகவே இருந்தது.

“அப்போ இன்னும் போடலையோ?” என்று ஊசியை மறுபடி எடுத்தார். ஆடு போட்ட கூச்சலில்தான் அவருக்கு நினைவு வந்தது.

“அம்மா! ஆட்டுக்குத் தெரிஞ்சது உன் மென்பொருளுக்குத் தெரியலையே!”

அவள் அவசரமாக டிக்கை வரைந்து சேர்த்தாள். பட்டன்கள் தெளிவாகத் தெரியட்டும் என்று எழுத்தையும் பெரிதாக்கினாள். பட்டனின் அகலம் மட்டும் பழைய அகலமாகவே இருந்தது. முதல் எழுத்துக்கு மேல் அதில் இடமில்லை.

டாக்டர் அவளைக் கூப்பிடவில்லை. தானே எழுந்து வந்தார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“சேமி, நீக்கு, போதும்னு மூணு பட்டன் இருந்துச்சில்ல?”

“ஆமா சார்.”

“இப்போ என்ன இருக்கு தெரியுமா? ‘சே, நீ, போ’. இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல என்னை மாடு உதைச்சிருக்கு, கிளி கடிச்சிருக்கு. யாரும் இப்படிச் சொன்னதில்ல.”

அவர் சாப்பிடப் போய்விட்டார். அவள் சாப்பிடப் போகவில்லை. காலையிலிருந்து எழுதியதை எல்லாம் அழித்து, ஒப்பனைக் கோப்பை நேற்று இருந்தபடியே வைத்தாள். திட்டுகிற திரையைவிடச் சாம்பல் திரை மேல். இரண்டு ஆண்டு உழைப்பு நோட்டுப் புத்தகத்திடம் தோற்றது என்று ஒப்புக்கொண்டுவிட வேண்டியதுதான்.

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது டாக்டர் அறைக் கதவை மெல்லத் தள்ளினாள்.

“சார், மன்னிச்சுக்குங்க. என்னால...”

“வாம்மா, வா!” டாக்டரின் முகமெல்லாம் சிரிப்பு. “இதைத்தானே காலையிலேர்ந்து கேட்டேன்! சேமி இளம்பச்சை, நீக்கு இளஞ்சிவப்பு. கண்ணுக்கு எவ்வளவு இதமா இருக்கு! இதை முதல்லயே பண்ணியிருக்கக் கூடாதா?”

அவள் குனிந்து பார்த்தாள். நேற்றைய அதே நிறங்கள்தான். அவள் மடிக்கணினியில் இருப்பதுபோலவே பளிச்சென்று இருந்தன.

“அந்த நோட்டையெல்லாம் கட்டி மேல போடச் சொல்லிட்டேன். இனிமே உன் மென்பொருள்தான்.”

எப்படி நடந்தது என்று புரியாவிட்டாலும், நடந்ததே போதும் என்று நாற்காலியில் சாய்ந்தாள். பசிகூட எடுத்தது.

வாசலில் வாளியும் துணியுமாக நின்றிருந்த துப்புரவு அக்கா தயங்கித் தயங்கி அவளருகே வந்து, டாக்டருக்குக் கேட்காத குரலில் கேட்டாள்:

“கோவிச்சுக்காதம்மா, இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி புதுசா வந்ததுலேர்ந்து அது முகத்துல மெல்லிசா, மங்கலா ஒரு தாள் ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, மத்தியானம் துடைக்கிறப்போ உரிச்சுக் குப்பையில போட்டுட்டேன்... அதுதான் நீ ரெண்டு வருஷமா பண்ணின மென்பொருளா?”