பயற்று மெத்தை

லுவான்ஷியா
ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து

பெருமதிப்பிற்குரிய மூத்த அக்கா ரோடா அவர்களுக்கு, தம்பி எனோக் சம்பேஷி முழங்காலிட்டு, இரு கையும் தட்டி வணங்கி எழுதிக்கொள்வது.

ஆண்டவர் தயவில் இங்கே யாவரும் சுகம். அங்கே உங்கள் சுகமும், அத்தானின் சுகமும், ஆடுகளின் சுகமும், மழைக்குப் பின் சோளத்தின் சுகமும் அறிய ஆவல். என் வீட்டுக்காரி எஸ்னாத்தின் கணுக்கால் மட்டும் இன்னும் சுகமில்லை. அதைப் பற்றி விவரமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லாமே அந்தக் கணுக்காலில்தான் ஆரம்பித்தது.

ம்பிகா பஸ் டிரைவரிடம் நீங்கள் சொல்லியனுப்பியது கிடைத்தது. அவர் பஸ் ஸ்டாண்டில் எல்லார் காதிலும் விழும்படி, "உங்க அக்கா கேக்கச் சொன்னாங்க. பொண்ணோட கிச்சன் பார்ட்டியில, பொம்பளைங்க நடுவுல, இடுப்புல துணியைக் கட்டிக்கிட்டு நீங்க ஆடினீங்களாமே, நிஜமா?" என்று கேட்டார். மணப்பெண்ணின் அத்தை நீங்கள். பாலம் மட்டும் உடையாமல் இருந்திருந்தால் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருக்க வேண்டியவர். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆடியது நிஜம். ஆனால் எப்படி ஆடும்படி ஆயிற்று என்று தெரிந்துகொண்டு பிறகு திட்டுங்கள்.

நம் சிலேஷேயைச் சொல்வேஸியிலிருந்து பெண் கேட்டு வந்த நாளிலிருந்தே எஸ்னாத் அவளுக்காகத் தைக்க ஆரம்பித்துவிட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஜன்னல் திரை, மேசை விரிப்பு, ஏப்ரன், சூடான பாத்திரம் இறக்கும் கையுறை, நாற்காலிக்குத் திண்டு உறை என்று எல்லாவற்றுக்கும் துணி வெட்டி அடுக்கி வைத்திருந்தாள். கடையில் வாங்கியது ஒன்றுகூடப் பெண்ணோடு போகக் கூடாது என்பது அவள் பிடிவாதம். பாதி தைத்து முடித்திருந்தபோது முற்றத்தில் விழுந்து கிடந்த கொய்யாப்பழத்தின் மேல் கால் வைத்தாள். முழங்கால் வரை மாவுக்கட்டு. நம் வீட்டுத் தையல் மெஷினோ காலால் மிதிப்பது. இரண்டு நாள் சுவரைப் பார்த்து அழுதாள், மூன்றாம் நாள் என்னைப் பார்த்தாள்.

"சிலேஷே அப்பா, உங்களுக்கு மெஷின் மிதிக்க வருமா?"

"சுரங்கத்துல எத்தனை ஆளைக் கூண்டுல வச்சுக் கீழ இறக்கி மேல ஏத்தியிருக்கேன்! ஒரு தையல் மெஷின் என்ன பெரிய விஷயம்?"

"அந்தக் கூண்டை இழுக்க எஞ்சின் இருந்துச்சு. இங்க எஞ்சினே நீங்கதான்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு துணியைப் பிடித்துக்கொண்டாள். நான் எதிர்ப்பக்கம் தரையில் மண்டியிட்டு மிதிபலகையைக் கையால் அழுத்தினேன். ஊசியும் தெரியாது, துணியும் தெரியாது. அவளுடைய நல்ல கால் மட்டும்தான் தெரியும். எனக்கு அது பழக்கப்பட்ட நிலைமைதான். வேலை பார்த்த காலமெல்லாம் கூண்டில் யார் ஏறினார்கள் என்று பார்த்ததே கிடையாது, மணிச்சத்தம் மட்டும்தான் வரும். ஆகையால் அவளுக்கும் அந்த முறையையே சொல்லிக் கொடுத்தேன். கத்தரிக்கோலால் மேசையில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் ஓட்டு. மூன்று தட்டினால் கூண்டில் ஆள் இருக்கிறார்கள், மெதுவாகப் போ. அவள் மூன்று தட்டினாள். நான் பழக்கதோஷத்தில், "எத்தனை பேரு?" என்று கேட்டுவிட்டேன். "ஒரே ஒரு முட்டாள், மேசைக்குக் கீழ இருக்கான்" என்றாள். ஆனாலும் அக்கா, அந்தத் தட்டிலேயே மூன்று ஏப்ரனும் ஆறு திண்டு உறையும் முடித்தோம். ஒரு ஏப்ரனின் பைக்கு மட்டும் வாய் இல்லை, நாலு பக்கமும் சேர்த்துத் தைத்துவிட்டோம். திரையில் ஒன்றைத் தலைகீழாக வைத்துக் கொடுத்தது நான்தான். துணி முழுக்க கினிக்கோழிப் படம். எஸ்னாத் இரண்டையும் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஒரு ஜன்னல்ல கோழி மேயுது. இன்னொரு ஜன்னல்ல எல்லாம் செத்து மல்லாந்து கிடக்குது. என் பொண்ணு வீட்டுல இதையா மாட்டணும்?"

"படுத்துக்கிட்டுப் பார்த்தா நேராத் தெரியும்."

"நீங்க ஒரு நாளைக்கு அப்படிக் கிடக்கப் போறீங்க."

பிரித்துத் திரும்பத் தைத்தோம். இதற்குள் எனக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. மேல்நூல் ஊசியோடு இறங்குகிறது, கீழ்நூல் பாபினில் இருக்கிறது. இரண்டும் எந்த இடத்தில், எப்படிக் கைகோத்துக்கொள்கின்றன? எஸ்னாத் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் மெஷினின் அடிவயிற்றைத் திறந்து ஒவ்வொன்றாகக் கழற்றிச் செய்தித்தாளில் வரிசையாக வைத்தேன். அடேயப்பா! கீழே ஒரு கொக்கி சுழன்று வந்து மேல்நூலை வளைத்துப் பிடித்து, கீழ்நூலைச் சுற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறது. ஒவ்வொரு தையலுக்கும், சலிக்காமல்! இத்தனை வருடம் நான் போட்ட சட்டையிலெல்லாம் இந்த வேலை நடந்திருக்கிறது, ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. எஸ்னாத் கண் விழித்ததும் போட்ட கூச்சலை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். ஒரு திருகாணி மிச்சமானது. மெஷின் முன்னைவிட நன்றாகவே ஓடுகிறது, அந்தத் திருகாணிதான் இத்தனை நாள் தொந்தரவு கொடுத்திருக்கும் போல.

இப்படியாக ஒரு கேள்வி தீர்ந்த இடத்தில் இன்னொன்று முளைத்தது. சுரங்கத்தில் என் டீ கேனை ஒரு பழைய கம்பளியில் சுற்றி வைப்பேன், வேலை முடியும்வரை ஆறாது. டீ ஆறாமல் இருக்குமானால், பாதி வெந்த பயறு மட்டும் ஏன் மேற்கொண்டு வேகாது? மூடி வைத்த சூடு எங்கே போய்விடும்? கரியும் மிச்சம், அடுப்படியில் நிற்கும் நேரமும் மிச்சம். சந்தையில் தையல்காரர்கள் கூட்டித் தள்ளும் வெட்டுத்துணியை ஒரு மூட்டை அள்ளி வந்தேன். எஸ்னாத்தை மாவுக்கட்டு பார்க்க மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாட்களில் தனியாக உட்கார்ந்து தைத்தேன். ஆமை படம் போட்ட பச்சை சித்தெங்கே துணியில் உருண்டையாக ஒரு மெத்தை, நடுவில் பானை உட்காரக் குழி, மேலே திண்டு போல மூடி, சுற்றிக் கட்டக் கயிறு. பயற்று மெத்தை என்று பேர் வைத்தேன். பேரை யாரிடமும் சொல்லவில்லை. காகிதத்தில் சுற்றி, எஸ்னாத்தின் பரிசுகளுக்கு அடியில் செருகிவிட்டேன். ஒரு மாதமாக சிலேஷேயை மணப்பெண்களின் ஆசானான நசிம்புசா ஃபெலிஸ்தா அம்மா தன் வீட்டில் உள்ளறையில் வைத்துக் குடித்தனப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அப்பன் பெண்ணோடு பேசவே கூடாது என்று கட்டளை. பேச முடியாததால் தைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் மட்டும் கூடும் பார்ட்டி என்பதால் அன்று விடிந்ததுமே என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்கள். அடுத்த வீட்டு கசோங்கோவோடு அவன் முற்றத்தில் சோளத்து முன்கோயோ குடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் மேளம், பாட்டு, குலவை. ஒவ்வொரு பரிசையும் கொடுத்தவளே எழுந்து, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆடிக் காட்ட வேண்டும் அல்லவா? அகப்பை ஆடியது, முறம் ஆடியது, எஸ்னாத் ஊன்றுகோலை ஊன்றியபடியே திரையை ஆடினாள். எல்லாம் காதுக்கு வந்தது. திடீரென்று மேளம் தயங்கியது.

"இது என்னடி?" என்றது ஃபெலிஸ்தா அம்மாவின் குரல். "யார் குடுத்தது?"

"பேரே போடலையே."

"நாற்காலியா இருக்கும்."

"நாற்காலிக்கு எதுக்குடி கயிறு? தொப்பி! கயிறு தாடைக்கு."

"பிள்ளையை முதுகுல கட்டுறதுக்கு. உள்ள உட்கார வச்சிடலாம்."

ஒவ்வொரு ஊகத்துக்கும் மேளம் அடித்தது, யாரோ ஆடினார்கள், சிரிப்பு கூரையைத் தூக்கியது. அக்கா, என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நான் எழுந்தேன்.

"உட்காருப்பா," என்றான் கசோங்கோ. "அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது."

"பார்க்க மாட்டேன். கழுத்தை மட்டும் கொஞ்சம் நீட்டுறேன்."

பாட்டில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினேன். என் பெரிய மைத்துனி என் மெத்தையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கயிற்றைத் தாடையில் கட்டிக்கொண்டு, பிஷப் போல நடந்து வந்துகொண்டிருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை. "அது தலைகீழா இருக்கு!" என்று கத்திவிட்டேன்.

மேளம் நின்றது. அத்தனை தலையும் சுவர்ப்பக்கம் திரும்பியது. அப்புறம் நான்கு பெண்கள் வந்து என்னை இழுத்துக்கொண்டு போனதையும், இடுப்பில் சித்தெங்கே கட்டியதையும் விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். எஸ்னாத் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "குடுத்தவர்தான் ஆடிக் காட்டணும்," என்றார் ஃபெலிஸ்தா அம்மா. "ஆம்பளைன்னா சட்டம் மாறிடுமா? ஆடுங்க!" இங்கேதான் சிக்கல். சும்மா இருப்பதுதான் அந்த மெத்தையின் வேலை. அதை எப்படி ஆடுவது? பானையை இறக்குவது போல ஆடினேன், குழியில் வைப்பது போல ஆடினேன், கயிறு கட்டினேன், பிறகு அசையாமல் நின்றேன். மேளக்காரி என்ன அடிப்பது என்று தெரியாமல் கோலைத் தூக்கியபடி நின்றாள்.

"அவ்வளவுதானா?"

"இனிமே அதுவா வேகும்."

"அதுவா வேகுமாம்!" என்றார் ஃபெலிஸ்தா அம்மா. "சரி, வேகுதான்னு பார்த்துடலாம். அதுவரைக்கும் இவர் வெளிய போகக் கூடாது. இங்க நடக்கிறதைப் பார்க்கவும் கூடாது."

கொல்லையில் விருந்துக்குக் கொதித்துக்கொண்டிருந்த பயற்றில் பாதி வெந்ததை ஒரு பானையில் கொண்டுவந்து மெத்தைக்குள் வைத்துக் கட்டினார்கள். என்னைப் பாயில் உட்காரவைத்து, சிலேஷேயின் தலைமேல் போர்த்தியிருந்த அந்தப் பெரிய துணிக்குள்ளேயே என்னையும் தள்ளிவிட்டார்கள். உள்ளே பச்சை வெளிச்சம். அவள் முகத்தைப் பார்த்து ஒரு மாதமாகியிருந்தது. இளைத்திருந்தாள்.

"அப்பா, அந்தச் சத்தம் நீங்களா!"

"பேசாதே, பேசக் கூடாதாம்."

"அது துணிக்கு வெளியில. அப்பா, சொல்வேஸி ரொம்பத் தூரமா?"

"ஒரே பஸ்தான்."

"எனக்குப் பயமா இருக்கு. இவ்வளவு நாள் கத்துக் குடுத்தும் களியில கட்டி விழுது. அவங்க வீட்டுல சிரிப்பாங்க."

"அதுக்குத்தான் இதைத் தச்சேன். பாதி நீ செஞ்சா போதும், மீதியை அது பார்த்துக்கும்."

"அப்பா, அடுப்பு இல்லாம எப்படி வேகும்?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வியே போதும் என்று இருந்தது. கம்பளி, டீ கேன், மெஷினின் கொக்கி எல்லாம் சொன்னேன். மிச்சமான திருகாணியைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு, "நான் போனப்புறம் இதெல்லாம் யாரைப் பிடிச்சுச் சொல்லுவீங்க?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஃபெலிஸ்தா அம்மா மணப்பெண்ணுக்கான கடைசிப் பாடங்களைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார். அதில் என்ன கேட்டேன் என்று யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டார்கள். கல்யாணமான புதிதிலேயே எனக்கும் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முடிவில் துணியை விலக்கினார்கள். எல்லார் முன்னிலையிலும் ஃபெலிஸ்தா அம்மா கயிற்றை அவிழ்த்து, மூடியைத் தூக்கி, ஒரு பயற்றை எடுத்து விரலிடையில் நசுக்கினார். வெண்ணெய் போல நசுங்கியது! ஆவி பறந்தது! குலவை கசோங்கோ வீட்டுக் கோழிகளையெல்லாம் எழுப்பிவிட்டது. ஆகவே அக்கா, நான் ஆடினேன், வெட்கமில்லை. ஒரு கேள்வி கேட்டேன், பயறு பதில் சொல்லிவிட்டது. கல்யாணம் முடிந்து சிலேஷே சொல்வேஸிக்குப் போகும்போது மடியில் வைத்துக்கொண்டு போனது இந்த மெத்தையைத்தான்.

உங்களுக்கும் ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும். ஆண்டவர் உங்கள் கூரைக்கும் களத்துக்கும் காவலாக இருப்பாராக. அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

கீழ்ப்படிதலுள்ள தம்பி,
எனோக் சம்பேஷி

பி.கு.: அண்ணி, எஸ்னாத் எழுதுகிறேன். உறையை ஒட்டச் சொல்லிவிட்டு அவர் நூல் வாங்கப் போயிருக்கிறார். அந்தப் பயறு வேகவே இல்லை. அவர் துணிக்குள் இருந்தபோது ஃபெலிஸ்தா ஒரு தடவை திறந்து பார்த்தார், கூழாங்கல் மாதிரி கிடந்தது. எல்லாரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அப்போது துணிக்குள்ளிருந்து அப்பாவும் பெண்ணும் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் ஃபெலிஸ்தாவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய், அடுப்பில் நன்றாக வெந்திருந்ததை மாற்றி எடுத்துவந்தார். உங்கள் தம்பி ஆடியதை ம்பிகா வரைக்கும் பரப்பிய அதே பெண்கள், இந்த விஷயத்தில் ஒருத்திகூட இன்றுவரை வாய் திறக்கவில்லை. பஸ் ஏறும்போது சிலேஷே காதில் மட்டும் உண்மையைச் சொன்னேன். "அப்பா கிட்ட சொல்லாதீங்கம்மா, ஏன் வேகலைன்னு நான் அங்க வச்சுப் பார்த்துக் கண்டுபிடிக்கிறேன்" என்கிறாள். அவர் பெண்தானே! உள்ளே இருவரும் என்ன பேசினார்கள் என்று இந்தக் கடிதத்தில்தான் நானே படித்தேன், என்னிடம் சொல்லவில்லை. உங்களுக்கு வரும் மெத்தையை, உங்கள் ஊர்க் குளிருக்குக் காலை உள்ளே விட்டுக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மட்டும், பயறு நன்றாக வெந்தது என்று இரண்டு வரி பதில் எழுதிவிடுங்கள், அண்ணி.