ராஜினாமா தயார்

வழக்குகள் ஏன் இப்படி இழுத்துக்கொண்டே போகின்றன என்று கேட்பவர்களுக்கு நான் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை. அலுத்துவிட்டது. ஒரே ஒரு வழக்கைச் சீக்கிரம் முடித்துவைக்கப் போய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ராமநாதபுரம் முன்சீப் கோர்ட்டில் ஒரு பெரிய வக்கீலிடம் நான் ஜூனியர். (ஜூனியர் என்றால் எழுந்து நின்று வாய்தா கேட்பவன். அதையும் நான் திக்கித் திணறித்தான் கேட்பேன்.) புதிதாக மாற்றலாகி வந்த முன்சீப் பழைய வழக்குக் கட்டுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இதையெல்லாம் விசாரிச்சு முடிக்க என் ஆயுசு போதாது. பேசி ராஜி பண்ணப் பாருங்க" என்றார். மற்ற வக்கீல்கள் தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். நான் ஒருவன்தான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கட்சிக்காரர் அந்தோணி வாத்தியார். பாம்பன் பாலம் தாண்டி ஒரு கடலோர ஊரில், பங்குச் சாமியார் நடத்திய பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். எதிராளி பக்கத்து வீட்டுச் சவேரி, மீன்பிடிக்கிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் சவேரி வலை காயப்போட, வாத்தியார் வேலி போட, ஒன்பது வருஷமாக வழக்கு நடந்தது. நான் ரயிலேறிப் போய், கரையில் ஏற்றியிருந்த ஒரு வள்ளத்து நிழலில் இருவரையும் உட்காரவைத்துப் பேசினேன். வேலியை இரண்டு முழம் தள்ளிப் போடுவது என்று பகல் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோர்ட்டில் சமாதானப் பத்திரத்துக்கு ராஜினாமா என்று பெயர். வேலையை விடுவதற்கும் ஊரில் அதுதான் பெயர் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கறுப்புக் கோட்டு போட்ட புதிதில் ஊர்த்தமிழ் மறந்துபோகும். பத்திரத்தைத் தயார் செய்து, வாத்தியாருக்குப் பள்ளிக்கூட விலாசத்தில் ஒரு போஸ்ட் கார்டு போட்டேன்:

"தங்கள் ராஜினாமா தயார். உடனே வந்து கையெழுத்திடவும். சவேரிக்கும் பூரண சம்மதம். அனைவருக்கும் மிக்க மகிழ்ச்சி."

வாத்தியார் அப்போது மகளின் பிரசவத்துக்கு மதுரை போயிருந்தார். கார்டைத் தபால்காரர் படித்தார். பிறகு ஊர் படித்தது. கடைசியாகச் சாமியார் படித்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று மனம் நொந்து, மண்டபம் ஊரிலிருந்து வேறொரு வாத்தியாரை வரவழைத்துவிட்டார். மதுரையிலிருந்து திரும்பிய வாத்தியார் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனால், அவர் நாற்காலியில் யாரோ ஒருவர் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வாத்தியாரும் சவேரியும் ஒரே ரயிலில் வந்து இறங்கினார்கள். வாத்தியார் கார்டை என் மேஜையில் வைத்தார்.

"என்னய்யா இது?"

"ராஜினாமான்னா... அதாவது, ராஜி..."

"இருபத்தெட்டு வருஷமா பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்குறேன். ராஜினாமான்னா என்னன்னு எனக்கே சொல்லித் தாறியளா?"

அவரைவிடச் சவேரிக்குத்தான் கோபம். "வக்கீலய்யா, ஒம்பது வருசமா நான் இவருகூடச் சண்டை போடுறேன். ஒருநா வேலைய விட்டுப் போங்கன்னு சொல்லியிருப்பனா? எம்மக்க மூணு பேருக்கும் இவருதான் எழுத்தறிவிச்சாரு. இப்ப ஊருல எல்லாரும் சவேரிதான் கெடுத்துப்புட்டான்னு என்னையத் திட்டுறாக!"

எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது. ஒரு நல்ல மனிதரின் பிழைப்பு என் ஒற்றை வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. சாமியாரிடம் நேரில் போய் விளக்கினேன். "சட்டம் படிச்சவுக எதையும் எப்படியும் மாத்திப் பேசுவீக" என்று நம்ப மறுத்துவிட்டார். கடைசியில் முன்சீப்பே தன் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். வாத்தியாருக்கு நாற்காலி திரும்பக் கிடைக்கப் பதினோரு நாளாயிற்று.

ராஜி மட்டும் நிலைத்தது. ஆனால் நான் எழுதிய பத்திரத்தை இருவரும் தொடவே இல்லை. வாத்தியார் அழகான கையெழுத்தில் தாமே ஒன்று எழுதி, வேறு வக்கீல் மூலம் தாக்கல் செய்தார். முதல் ஷரத்து வேலி, இரண்டாவது வலை. மூன்றாவது ஷரத்து, மேற்படி ஜூனியர் வக்கீல் இனி எக்காலத்திலும் எங்கள் ஊர் எல்லைக்குள் வரக்கூடாது என்பது.

"இதை எடுத்துடலாமே" என்றார் முன்சீப்.

"அது இல்லாட்டி ராஜி இல்லீங்க" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒன்பது வருஷத்தில் என் தயவில்லாமல் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

முன்சீப் என்னைப் பார்த்தார். "ஆட்சேபணை உண்டா?"

"இல்லை" என்றேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

இன்றைக்கும் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகும்போது, பாம்பன் தாண்டி அந்த ஊர் எல்லை வந்ததும் என் மனைவி ரயில் ஜன்னலை இறக்கிவிடுவாள். "கோர்ட் உத்தரவு, குனிங்க" என்பாள். பேரப்பிள்ளைகள் கைதட்டுவார்கள். நானும் குனிந்துகொள்வேன். முதுகுதான் முன்போல வளைவதில்லை.