காட்டுமாட்டுக்கும் கூலி போட்டவர்

குன்னூர் மலையில் மூடுபனிக்கு விலை போடத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். ஊரில் அவருக்குக் காட்டுமாடு கான்ட்ராக்டர் என்று பெயர். சிவில் படித்து முடித்து நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது அவரிடம்தான்.

சிமென்ட், கம்பி, ஜல்லி, ஆள்கூலி என்று நான் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தால், அதன் கீழே அவர் சேர்ப்பார்: லாரி திரும்ப முடியாத வளைவிலிருந்து தலைச்சுமை, பனி இறங்கி மேஸ்திரிக்குச் சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு தெரியாத நேரம், குரங்கு தூக்கிப்போகும் சாப்பாடு, காட்டுமாடு வழியை மறித்து நிற்க, அரை நாள். மாமியார் இருக்கும் வீடென்றால் ஜன்னலை இடம் மாற்றத் தனித் தொகை. ஒரு வீட்டில் அந்த ஜன்னல் மற்ற மூன்று சுவர்களையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பியது. தொகை மிகச் சரியாக இருந்தது.

மழைக்கு முன்னால் ஒரு ஹோம்ஸ்டேயில் தடுப்புச்சுவர் வேலை வந்தது. அது கைவிட்டுப் போனால் எங்கள் கொத்தனார்களுக்கு மழைக்காலம் முழுக்க வேலை இல்லை. உரிமையாளர் கோயம்புத்தூர்க்காரர். எங்களைத் தன் காருக்குள் உட்காரவைத்து எஸ்டிமேட்டைப் படித்தார். சிரித்தார்.

“ஏனுங்க, மாட்டுக்கெல்லாம் நான் எதுக்குங்க கூலி தரோணும்?”

பதில் சொல்வதற்குள் கேட்டருகே ஒரு காட்டுமாடு வந்து நின்றது. புல்லை மேய்ந்து, ஹோம்ஸ்டே போர்டில் முதுகைத் தேய்த்து, அது சாவகாசமாகக் கிளம்பும்வரை மூவரும் காரைவிட்டு இறங்கவில்லை.

“இன்னைக்கு நின்னதைக் கழிச்சுக்கலாமுங்க,” என்று கான்ட்ராக்டர் அந்த வரியைத் திருத்தினார்.

உரிமையாளர் அடங்கவில்லை. “சரி, மாடு இருக்கட்டும். ‘இன்ஜினியர் யோசிக்க’ன்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே. அந்தப் பொண்ணு யோசிக்கறதுக்கு நான் காசு தரோணுமாக்கும்? அதை எடுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

எடுத்துவிடும்படி நான் கண்ணைக் காட்டினேன். அவர் பார்க்காததுபோல் இருந்தார்.

“அம்மிணி யோசிக்கலைன்னா, மழையில சுவரு யோசிக்குமுங்க. சாயலாமா வேண்டாமான்னு.”

பிறகு பேனாவை எடுத்துத் தன்னுடைய மேற்பார்வைக் கூலி வரியைக் கோடிட்டு அடித்தார். மொத்தம் இறங்கியது, கையெழுத்து விழுந்தது.

சுவர் எழும்பி முடியும்வரை தினமும் காலையில் பனிக்குள்ளிருந்து அவர் குடைதான் முதலில் வெளிப்படும். என் வரைபடம் நனையாமல் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார். “கூலியே இல்லாம நீங்க எதுக்குங்ண்ணா வர்றீங்க?” என்று கேட்டால், “டீ குடிக்க வந்தேன் அம்மிணி,” என்பார்.

அந்தச் சரிவில் எங்குமே டீக்கடை கிடையாது.